பாராட்டு மேடையிலிருந்து மாமன்றத்துக்கு

சென்னையின் மாற்றுத்திறனாளித் தலைவர்கள் இந்நகரை எப்படி மாற்றினார்கள்? நியமன உறுப்பினர் சட்டம் அவர்களுக்கு எதைத் தருகிறது, எதைத் தரவில்லை?

மாலை வேளையில் காமராசர் சாலையில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே நின்று கடலை நோக்குபவருக்கு, மணற்பரப்பைக் கடந்து அலைகளின் அருகு வரை நீளும் ஒரு மரப்பலகைப் பாதையும், அதன்மீது சக்கர நாற்காலிகளும் ஊன்றுகோல்களும் குழந்தைகளைத் தள்ளிச் செல்லும் வண்டிகளும் முதியோரின் தளர்ந்த நடையும் ஒன்றாக நகர்வதும் கண்ணில் படும். 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட இந்தப் பாதை 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. இரண்டு வாரம் ஆகும் முன்பே மாண்டஸ் புயல் அதன் கடலோரப் பகுதியைச் சிதைத்துவிட, அது மீண்டும் சீரமைக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளில், சர்வதேச மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3-ஐ ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் மணலில் தற்காலிகப் பாதை போடப்பட்டு, நாள் முடிந்ததும் அகற்றப்பட்டு வந்தது. மற்ற நாட்களில் தம் நகரின் கடலைச் சாலையோரத்திலிருந்து பார்த்துத் திரும்ப வேண்டியிருந்தவர்கள் நிரந்தரப் பாதை வேண்டும் என்று ஆண்டுதோறும் வற்புறுத்தியதன் பயனை, இன்று முழங்கால் வலியுள்ள மயிலாப்பூர்ப் பாட்டியும் கைக்குழந்தையோடு வரும் திருவல்லிக்கேணித் தாயும் சேர்ந்து நுகர்கிறார்கள். பின்னர் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையிலும் இத்தகைய பாதை அமைந்தது.

மாற்றுத்திறனாளிகளின் சாதனையைப் பற்றி எழுதும்போது தனிமனிதர் ஒருவர் தம் உடலின் தடையை வென்ற கதையாகவே அதைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. சென்னையின் கடந்த நாற்பது ஆண்டு வரலாறோ வேறொன்றைக் காட்டுகிறது: இங்கே தலைவர்களாக உயர்ந்த மாற்றுத்திறனாளிகளில் பலர், தாம் நுழைய முடியாத வாசல் ஒன்றைக் கண்டபோது அதைத் தமக்கு மட்டும் திறந்துகொள்ளாமல், சட்டத்தாலும் நிறுவனத்தாலும் எல்லோருக்குமான வாசலாக மாற்றியிருக்கிறார்கள். அந்தப் பணி குடிமை நிர்வாகத்தின் பணியே. ஆனால் நிர்வாகம் நடக்கும் மன்றத்துக்குள் அவர்களுக்கு இருக்கை ஒதுக்கும் சட்டம் 2025-ஆம் ஆண்டில்தான் வந்தது.

அடையாற்றின் கரையில்

தென் சென்னைக்கு இதில் தனி இடம் உண்டு. அடையாறு காந்தி நகரில் செவித்திறனும் பார்வைத்திறனும் குறைந்தோருக்கான புனித லூயி நிறுவனம் 1960-களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. செவித்திறன் குறைந்தோருக்கென ஒரு கல்லூரியும் அங்கே உருவானது. ஆற்றின் அதே கரையில், கோட்டூர்புரத்தில், இன்று வித்யா சாகர் என்று அறியப்படும் நிறுவனத்தைப் பூனம் நடராஜன் 1985-இல் தொடங்கினார். பெருமூளை வாதம் கொண்ட ஒரு மகனின் தாயாக அவர் இப்பணிக்கு வந்தவர். மூளையின் இயக்கப் பகுதிக்குப் பிறப்பை ஒட்டிய காலத்தில் ஏற்படும் பாதிப்பால் தசைகளின் அசைவும் பேச்சும் கட்டுப்பாட்டுக்குள் வராத நிலையையே பெருமூளை வாதம் என்கிறார்கள். சிகிச்சையும் பள்ளிக் கல்வியுமாகத் தொடங்கிய அந்நிறுவனம், சட்ட உதவிப் பிரிவு ஒன்றையும் அமைத்தது என்பதே இங்கு முக்கியம். அந்தப் பிரிவில் பணியாற்றியவர்களுள் ஒருவரான ராஜீவ் ராஜன், தாமே பெருமூளை வாதம் கொண்டவர். போக்குவரத்து, வாக்குரிமை, விமானப் பயணம் என்று ஒவ்வொரு துறையிலும் மறுப்பை எதிர்கொண்ட இடத்திலெல்லாம் மனுவும் வழக்கும் கோரிக்கையுமாகப் பதில் சொன்ன தலைமுறையின் முகமாக அவர் விளங்கினார்.

காந்தி நகரிலேயே 1995-இல் எபிலிட்டி ஃபவுண்டேஷனைத் தொடங்கிய ஜெயஸ்ரீ ரவீந்திரன் செவித்திறன் இழப்புடன் வாழ்ந்தவர். வேலைவாய்ப்பு முகாம், திரைப்பட விழா, இதழ் என்று விரிந்த அந்நிறுவனத்தின் பணிகளுள் நாடு முழுவதும் அறியப்பட்டது, கெவின்கேர் நிறுவனத்தோடு சேர்ந்து 2003 முதல் வழங்கப்பட்டுவரும் எபிலிட்டி விருது. தம் தொழிலில் தனித்து விளங்கும் மாற்றுத்திறனாளிகளையும், பிறருக்காக நிறுவனம் எழுப்பிய மாற்றுத்திறனாளிகளையும் மேடையேற்றும் இவ்விருது, பரிதாபம் ஒன்றே பொதுப்பேச்சின் தொனியாக இருந்த காலத்தில், செயல்திறனைப் பற்றிப் பேச ஒரு மொழியைத் தந்தது. விருது ஒருவரை நகரத்துக்கு அறிமுகப்படுத்துகிறது. அவரை வேலைக்கும் பதவிக்கும் தேர்ந்தெடுக்க வேண்டிய பொறுப்பு நிறுவனங்களுக்கும் அரசுக்கும் உரியது. அந்தப் பொறுப்பு எவ்வளவு தாமதமாக ஏற்கப்பட்டது என்பதையே அடுத்து வரும் வரலாறுகள் சொல்கின்றன.

தேர்ச்சிக்குப் பின்னும் காத்திருப்பு

சென்னையில் பிறந்து முழுப் பார்வையின்மையுடன் வளர்ந்த என்.எல். பெனோ ஜெபைன், லிட்டில் ஃப்ளவர் கான்வென்ட் பள்ளியிலும், கதீட்ரல் சாலையில் உள்ள ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியிலும், பின்னர் லயோலா கல்லூரியிலும் பயின்று, பாரத ஸ்டேட் வங்கியில் அலுவலராகச் சேர்ந்து, 2013-ஆம் ஆண்டின் குடிமைப் பணித் தேர்வில் 343-ஆம் இடம் பெற்றார். கணினித் திரையில் உள்ள எழுத்தைக் குரலாக மாற்றித் தரும் திரைவாசிப்பு மென்பொருள் அவருடைய படிப்பின் முதன்மைக் கருவி. தேர்ச்சிக்குப் பின்னும் பணியாணைக்காகக் காத்திருந்த அவர், 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் முழுப் பார்வையின்மை கொண்ட முதல் அலுவலராகச் சேர்ந்தார். தேர்வு அனைவருக்கும் பொது. ஆனால் எந்தப் பதவிக்கு எவ்வகைக் குறைபாடு உள்ளவர் பொருத்தமானவர் என்று முன்கூட்டியே வரையப்படும் பட்டியல் வேறு. அந்தப் பட்டியல் வரையப்படும் அறையில் பார்வையற்ற அலுவலர் எவரும் பெரும்பாலும் இருப்பதில்லை என்பதே பெனோ ஜெபைன் போன்றவர்களின் வரலாறு எழுப்பும் கேள்வி.

கும்பகோணத்தில் பிறந்தவரும் பதின்மூன்றாம் வயதில் வெடிவிபத்தில் இரு முன்கைகளை இழந்தவருமான மாளவிகா ஐயர், சென்னையில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதி மாநில அளவில் இடம் பெற்று, பின்னர் எழும்பூர் சமூகப்பணிக் கல்லூரியில் முனைவர் பட்டமும் பெற்றார். 19 வயதுக்குட்பட்டோருக்கான தமிழ்நாடு மகளிர் கிரிக்கெட் அணியின் தலைவராக இருந்த பிரீத்தி சீனிவாசன், 1998-இல் நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த பிறகு, திருவண்ணாமலையில் சோல்ஃப்ரீ என்ற அமைப்பைத் தொடங்கித் தண்டுவடக் காயமுற்றோருக்கான மறுவாழ்வுப் பணியை நடத்திக்கொண்டே சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்ட ஆய்வில் ஈடுபட்டார். சென்னையில் வங்கித் துறையில் பணியாற்றிய மாதவி லதா, இளம்பிள்ளை வாதத்தால் நடக்க இயலாதவர். நடுவயதை நெருங்கும்போது நீச்சலைக் கற்றுத் தேசிய அளவிலான போட்டிகளில் வென்று, சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக்கு நாடு தழுவிய கூட்டமைப்பை உருவாக்கி அதன் தலைவரானார். இவர்கள் ஒவ்வொருவரின் வாழ்விலும் தொழில் வெற்றியும் அமைப்புப் பணியும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. தமக்குக் கிடைத்த வழி அடுத்தவருக்கும் கிடைக்க வேண்டுமானால் யாரேனும் ஓர் அமைப்பைக் கட்டியாக வேண்டும் என்ற நிலை நாட்டில் இருந்ததே அதற்குக் காரணம்.

தமிழ்நாட்டில் தொடங்கி, உச்ச நீதிமன்றம் வரை

நீதித் துறையில் இந்தப் போராட்டம் மிகத் தெளிவான வடிவம் பெற்றது. தமிழ்நாட்டில் 2014-இல் உரிமையியல் நீதிபதிப் பணிக்கு அறிவிக்கை வெளியானபோது, பார்வைக் குறைபாடு 40 முதல் 50 விழுக்காடு வரை உள்ளவரே இட ஒதுக்கீட்டுக்குத் தகுதியானவர் என்று வரம்பிடப்பட்டது. 70 விழுக்காடு பார்வைக் குறைபாடு கொண்ட வழக்கறிஞர் ஒருவர் இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், அதாவது சுரேந்திர மோகன் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அந்த வரம்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது. நீதிபதிக்கு ஓரளவேனும் பார்வை வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை.

ஈராண்டில் காற்று திசை மாறியது. 2021 பிப்ரவரியில், குடிமைப் பணித் தேர்வில் எழுத்தர் உதவி கோரிய விகாஷ் குமார் என்பவரின் வழக்கில், அதே உச்ச நீதிமன்றம் முந்தைய தீர்ப்பு நியாயமான தகவமைப்பு என்ற கோட்பாட்டைக் கருதவில்லை என்று சுட்டிக்காட்டி, அது இனி வழிகாட்டும் முன்மாதிரி ஆகாது என்றது. மாற்றுத்திறனாளி ஒருவர் பிறருக்குச் சமமாகத் தம் உரிமையைப் பயன்படுத்துவதற்காக, அமைப்பின் மீது அளவுக்கு மீறிய சுமை ஏற்றாமல் செய்யப்படும் மாற்றங்களையே, எடுத்துக்காட்டாக எழுத்தர், கூடுதல் நேரம், மென்பொருள் ஆகியவற்றை, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நியாயமான தகவமைப்பு என்று வரையறுக்கிறது. 2025 மார்ச் 3 அன்று, நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அமர்வு, பார்வைக் குறைபாடு ஒன்றை மட்டும் காரணம் காட்டி எவரையும் நீதித் துறைப் பணிக்கான போட்டியிலிருந்து விலக்க முடியாது என்று கூறி, மத்தியப் பிரதேசத்தின் தடை விதியைச் செல்லாததாக்கியது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து உச்ச நீதிமன்றம் சென்றவர் மகாதேவன். தமிழ்நாட்டு அறிவிக்கை ஒன்றில் தொடங்கிய விவாதம் பதினோர் ஆண்டு கழித்து நாடு முழுமைக்குமான விதியாக முடிந்தது. ஆனால், அந்த இடைவெளியில் வயது வரம்பைக் கடந்துபோன தேர்வர்களுக்கு எந்தத் தீர்ப்பும் ஆண்டுகளைத் திருப்பித் தராது.

பெட்டிச் செய்தி: சட்டமும் எண்ணும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். நாடு முழுவதும் 2.68 கோடி. அந்தக் கணக்கு எட்டு வகைப்பாடுகளில் எடுக்கப்பட்டது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைகளையும் 3 விழுக்காடு வேலை ஒதுக்கீட்டையும் கொண்டிருந்தது. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்று, ஒதுக்கீட்டை 4 விழுக்காடாக உயர்த்தியது. பொதுக் கட்டடங்களின் அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்பளித்தது. பார்வையற்றவரான ரதூரி அந்த வழக்கைத் தொடுத்தது 2005-இல்.

பேருந்துப் படியில் நின்ற தொழில் வாழ்க்கை

தகுதி, தேர்வு, தீர்ப்பு எல்லாம் கைகூடிய பிறகும், தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தில் நிற்கும் வண்டியின் மூன்று படிகள் ஒருவருடைய தொழில் வாழ்க்கையை முடித்துவைத்துவிடும். ஆட்டோவுக்கும் வாடகைக் காருக்கும் நாள்தோறும் செலவிட முடிந்தவர் மட்டுமே அலுவலகம் செல்ல முடியும் என்றால், அங்கே தலைமைப் பதவிக்கு உயரக்கூடியவர்களின் எண்ணிக்கை வருமானத்தால் முன்பே வடிகட்டப்பட்டுவிடுகிறது. மாற்றுத்திறனாளி உரிமை அமைப்புகள் இருபது ஆண்டுகளாகப் பேருந்தை மையப் பிரச்சினையாக்கியதன் காரணம் இதுதான்.

தி பானியன் மனநல அமைப்பை நிறுவிய இருவருள் ஒருவரும் டிசெபிலிட்டி ரைட்ஸ் அலையன்ஸ் என்ற கூட்டமைப்பைச் சேர்ந்தவருமான வைஷ்ணவி ஜெயக்குமார், சென்னை உயர் நீதிமன்றத்தில் நடத்திய வழக்கில், தளம் தரையிலிருந்து 400 மில்லிமீட்டர் உயரத்தில் அமைந்த தாழ்தளப் பேருந்துகளையே வாங்க வேண்டும் என்று கோரினார். சாலைகளின் நிலை, மழைநீர்த் தேக்கம், விலை ஆகியவற்றைக் காட்டி அரசுத் தரப்பு தயங்கியது. நீண்ட வாதங்களுக்குப் பிறகு புதிய பேருந்துகளில் ஒரு பகுதி தாழ்தளமாக இருக்கும் என்ற நிலை ஏற்பட்டு, 2024 ஆகஸ்டில் அவை சென்னைச் சாலைகளுக்கு வந்தன; 2025 ஜூனில் தாழ்தள மின்சாரப் பேருந்துகளும் சேர்ந்தன. நிறுத்தத்தில் நடைமேடைப் பக்கமாகச் சற்றுத் தாழ்ந்து, கதவருகே மடித்து வைத்த சாய்தளத்தை விரிக்கும் இந்த வண்டியில் முதலில் ஏறுபவர் சக்கர நாற்காலியில் வருபவராக இருந்தாலும், அடுத்து ஏறுபவர்கள் சேலை தடுக்காமல் ஏற முடிவதை உடனே உணரும் பெண்களும் முதியோருமே.

எனினும் பேருந்து தாழ்ந்து நிற்கும் இடத்தில் நடைமேடை சரியான உயரத்தில் இருக்க வேண்டும். தியாகராய நகரில் 2019-இல் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகமும், மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023 மே மாதம் மின்தூக்கிகளுடன் திறக்கப்பட்ட 570 மீட்டர் ஆகாய நடைமேடையும் இந்நகரால் என்ன செய்ய முடியும் என்பதற்குச் சான்று. அவற்றைவிட்டு ஒரு தெரு தள்ளிப் போனால் நடைபாதை உடைந்து, மின்பெட்டியும் மரத்தூரும் இருசக்கர வண்டியும் மறித்துக் கிடக்கின்றன. மயிலாப்பூர் மாட வீதிகளில், குறிப்பாகப் பங்குனித் திருவிழா நாட்களில், சக்கர நாற்காலியில் செல்பவர் கார்களுக்கு இடையே சாலையின் நடுவில்தான் செல்ல வேண்டியிருக்கிறது. ஒரு திட்டத்துக்கு நல்ல வரைபடம் இருப்பதும் அடுத்த தெருவுக்கு அது இல்லாமல் போவதும் பொறியியலின் குறை ஆகா. வார்டு அளவில் பணம் எதற்கு ஒதுக்கப்படுகிறது, முடிந்த வேலையை யார் பார்வையிட்டு ஒப்புகிறார் என்பதைப் பொறுத்தவை. அந்த முடிவுகள் எடுக்கப்படும் இடம் மாமன்றம்.

வாக்காளரிலிருந்து உறுப்பினர்

மாற்றுத்திறனாளிகள் வாக்களிப்பதே ஒரு காலத்தில் பெரும்பாடாக இருந்தது. 2004-இல் உச்ச நீதிமன்றம் வாக்குச்சாவடிகளில் சாய்தளம் அமைக்க உத்தரவிட்ட பிறகு நிலைமை மெல்ல மாறியது. பிரெய்லி எழுத்துள்ள வாக்குப்பதிவு இயந்திரங்கள் வந்தன. 2024 மக்களவைத் தேர்தலில், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்கள் வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதியை நாடு முழுவதும் பெற்றார்கள். தண்டுவட மரப்பு நோயுடன் வாழும் ஸ்மிதா சதாசிவம் போன்ற சென்னைச் செயல்பாட்டாளர்கள் தேர்தல் நடைமுறையின் அணுகலுக்காகத் தொடர்ந்து உழைத்தவர்கள். நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் உறை சிதைவதால் அசைவும் பார்வையும் படிப்படியாகப் பாதிக்கப்படும் நோய் அது.

வாக்குச்சாவடி வரை வந்த வழி மன்றத்துக்குள் நீளவில்லை. 2025 ஏப்ரல் 16 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் இரண்டு திருத்த மசோதாக்களை முன்வைத்தபோது, மாநிலத்தின் நகர்ப்புற உள்ளாட்சிகள் அனைத்திலும் சேர்த்து மாற்றுத்திறனாளி உறுப்பினர்கள் 35 பேர் மட்டுமே இருந்தனர். தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தையும் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தையும் திருத்தும் இவற்றின் வழியாக, பேரூராட்சி முதல் மாநகராட்சி வரை ஏறத்தாழ 650 பேரும், 12,000-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளிலும் 388 ஊராட்சி ஒன்றியங்களிலும் மாவட்ட ஊராட்சிகளிலும் தலா ஒருவரும் நியமன உறுப்பினர்களாக வர வழி பிறந்தது. 200 வார்டுகள் கொண்ட சென்னை மாமன்றத்துக்கு இருவர். அந்த ஆண்டு ஜூலையில் நகர்ப்புற இடங்களுக்கு விண்ணப்பங்கள் கோரப்பட்டன. டிசம்பர் 3 இயக்கம் போன்ற அமைப்புகளின் நெடுநாள் கோரிக்கை இது. எண்ணிக்கையால் பார்த்தால் இந்தியாவில் இதற்கு ஈடான முயற்சி அரிது.

இந்தச் சட்டத்தை மனமாரப் போற்றுவதோடு அதன் எல்லைகளையும் சொல்வது கடமை. நகராட்சிகளில் சிறப்பு அறிவும் அனுபவமும் உள்ளவர்களை நியமிக்க இடம் தரும் அரசமைப்புச் சட்டத்தின் 243ஆர் பிரிவு, அப்படி நியமிக்கப்படுவோருக்கு மன்றக் கூட்டங்களில் வாக்குரிமை இல்லை என்று கூறுகிறது. ஊராட்சிகளைப் பற்றிய 243சி பிரிவோ இடங்கள் நேரடித் தேர்தலாலேயே நிரப்பப்பட வேண்டும் என்கிறது. எனவே அங்கு நியமன உறுப்பினரின் நிலை இன்னும் நுட்பமானது. நடைபாதைக்கான நிதியைக் குறைக்கும் தீர்மானம் வரும்போது, அதன் விளைவை அனைவரினும் நன்கு அறிந்தவர் எழுந்து பேசலாம். கை தூக்க முடியாது. பேச்சுக்கு எடை கிடைக்க வேண்டுமானால், நிலைக்குழுக்களில் இடம், பணிமுடிவுச் சான்றுக்கு முன் நேரில் பார்வையிடும் உரிமை, கேள்விக்கு எழுத்தில் பதில் பெறும் உரிமை ஆகியன விதிகளில் தெளிவாக எழுதப்பட வேண்டும். தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு மண்டலங்களின் வார்டுக் குழுக்களிலும், 2022 முதல் நடைபெறும் பகுதி சபைகளிலும் அவர்களுக்கு இடம் இருந்தால், 200 பேர் கொண்ட மன்றத்தில் இருவர் என்ற சிறுமை ஓரளவு ஈடாகும்.

மன்றத்தின் அன்றாட நடைமுறை இன்னொரு சோதனை. கூட்டத்துக்கு முன் உறுப்பினருக்குத் தரப்படும் பொருள்நிரல் தாள்கள் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்டவை. தமிழ்நாட்டு அலுவலகங்களில் நீண்டகாலம் புழங்கிய வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பைத் திரைவாசிப்பு மென்பொருளால் படிக்க முடியாது. அதன் குறியீடுகள் மென்பொருளுக்குப் பொருளற்ற ஒலிக்கோவையாகவே கேட்கும். ஒருங்குறி, அதாவது உலகக் கணினிகள் அனைத்தும் ஒரே வகையில் எழுத்தை அறிந்துகொள்ளும் குறியீட்டு முறை, 2010-இலேயே மாநிலத்தின் தரமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் கையொப்பமிட்ட தாளை நிழற்படமாக எடுத்து அனுப்பும் வழக்கம் தொடரும் வரை பார்வையற்ற உறுப்பினர் எதன் மீது பேசுகிறோம் என்பதையே பிறர் சொல்லக் கேட்டுத்தான் அறிய முடியும். செவித்திறன் குறைந்த உறுப்பினருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர், பேச்சு தெளிவில்லாதவருக்குக் கூடுதல் நேரம், அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு எளிய தமிழில் சுருக்கம், வந்து செல்லப் போக்குவரத்துப்படி ஆகியவற்றைச் சலுகையாகக் கருதாமல் மன்றச் செலவாகவே வரவுசெலவுத் திட்டத்தில் காட்டுவது தேவை.

பெட்டிச் செய்தி: பிற இடங்களில்

இந்திய நாடாளுமன்றத்தின் முதல் பார்வையற்ற உறுப்பினரான சாதன் குப்தா 1953-இல் கல்கத்தாவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னாளில் மேற்கு வங்கத்தின் அரசு தலைமை வழக்கறிஞராகவும் இருந்தார். பார்வையற்றவராகப் பிறந்த டேவிட் பிளங்கெட் 1970-இல், 22 வயதில், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர மன்றத்துக்குத் தேர்வாகி, 1980-இல் அதன் தலைவராகி, பின்னர் பிரிட்டனின் கல்வி அமைச்சராகவும் 2001 முதல் 2004 வரை உள்துறை அமைச்சராகவும் பணியாற்றினார். உகாண்டா 1997-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் வழி கிராம நிலை முதல் மாவட்ட நிலை வரை மாற்றுத்திறனாளிப் பிரதிநிதிகளுக்கு, ஆணும் பெண்ணுமாக, இடம் வகுத்தது. இந்தியாவில் சத்தீஸ்கர் ஊராட்சிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு இடம் அளிக்கும் முறையைத் தமிழ்நாட்டுக்கு முன்பே கொண்டுவந்தது.

அடுத்த மன்றம்

பிளங்கெட்டின் வாழ்க்கையில் கவனிக்க வேண்டியது, அவர் நகர மன்றத்தில் பத்தாண்டு உறுப்பினராக இருந்த பிறகே அதன் தலைவரானார் என்பது. வடிகால், வாடகை வீடு, பேருந்துக் கட்டணம் என்று எல்லாவற்றையும் பற்றிப் பேசியும் வாக்களித்தும் பெற்ற பயிற்சி அது. சென்னையின் நியமன உறுப்பினர்கள் சாய்தளத்தைப் பற்றி மட்டும் பேச அழைக்கப்படுவார்களானால், மன்றத்துக்குள்ளும் அவர்கள் தனி வாசலிலேயே நிறுத்தப்படுவார்கள். மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கும், மனநலக் குறைபாடும் அறிவுசார் குறைபாடும் உள்ளவர்களுக்கும், கட்சித் தொடர்பு இல்லாத செயல்பாட்டாளர்களுக்கும் இந்த இடங்களில் பங்கு கிடைக்கிறதா என்பதையும் நகரம் கவனிக்க வேண்டும். தேர்வுக் குழு எந்த அடிப்படையில் ஒருவரைத் தேர்ந்தது என்பதை வெளியிட்டாலே பாதி ஐயம் தீரும்.

இன்றைய சென்னை மாமன்றம் 2022 மார்ச்சில் பொறுப்பேற்றது. ஐந்தாண்டு என்ற கணக்கில் அதன் காலம் 2027 தொடக்கத்தோடு முடிகிறது. நியமன முறையின் முழுப் பயன் அதற்கடுத்த மன்றத்தில்தான் தெரியவரும். அதற்கான தேர்தலில் மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ அடையாற்றிலோ ஒரு வார்டில் மாற்றுத்திறனாளி ஒருவரைக் கட்சிகள் வேட்பாளராக நிறுத்துவதை இச்சட்டம் தடுக்கவில்லை. நியமன இடம் இருக்கிறதே என்று கூறி அவர்களுக்குப் போட்டியிடும் வாய்ப்பை மறுப்பதற்கும் அதில் இடமில்லை. நியமன உறுப்பினராகப் பழகிய ஒருவர் அடுத்த முறை வாக்காளரிடம் நேரடியாகச் சென்று வென்று, கை தூக்கும் உரிமையோடு அதே மன்றத்துக்குத் திரும்பி வர முடியும். கட்சிகளின் மாவட்ட அலுவலகங்களில் வேட்பாளர் நேர்காணல் மாடியில் நடக்கிறதா, தரைத்தளத்தில் நடக்கிறதா என்பதிலிருந்தே அந்த வாய்ப்பின் கணக்கு தொடங்குகிறது.